ஊருக்குப் போகாத பிள்ளைகள்: கோடைக் குறிப்புகள்

ஏப்ரல் கடைசி. முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் செம்பரம்பாக்கத்தில் எங்கள் தெரு இரண்டாகப் பிரிந்துவிடும். வாடகை வீட்டுப் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்புவார்கள். சொந்த வீட்டுப் பிள்ளைகள் இங்கேயே இருப்பார்கள்.

வாடகை வீடுகளில் விழுப்புரம், திருவண்ணாமலை, தென்காசிக்காரர்கள். இப்போது ஒடிசா, பீகார் குடும்பங்களும் உண்டு. அப்பாவுக்கு இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை. மே, ஜூனில் கார் கம்பெனிகளில் பராமரிப்புக்காகச் சில நாள் லைனை நிறுத்துவார்கள். 'ஷட்டவுன்' தேதி தெரிந்ததும் அந்த வீடுகளில் பை தைக்கக் கொடுப்பதும் டிக்கெட் போடுவதுமாக இருக்கும். பிறகு ஒருநாள் விடியற்காலை கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போக ஆட்டோ வரும். ஜூனில் பிள்ளைகள் கறுத்துப்போய், முழங்காலில் காயத்தோடு, ஒரு மூட்டைக் கதையோடு வந்து இறங்குவார்கள். கிணற்றில் குதித்த கதை, திருவிழாவில் கரகம் பார்த்த கதை.

எங்களுக்கு இதுதான் ஊர். ஆயா வீடு அடுத்த தெரு. பெரியம்மா வீடு திருமழிசை, சித்தி வீடு குன்றத்தூர். எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். பள்ளி திறந்த முதல் நாள் "லீவுக்கு எங்க போன?" என்று டீச்சர் கேட்கும்போது சொல்ல ஒன்றும் இருக்காது. சொந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் போய்வர ஓர் ஊர் இல்லை என்பது வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குப் புரிவதில்லை. கழனி கையை விட்டுப் போன வீடுகளுக்கு இந்தக் குறை இன்னும் கொஞ்சம் கூடுதல். கழனி இருந்தவரை வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு கோடை இருந்தது. அதுவும் இப்போது இல்லை.

*

எட்டாவதில் சாரணியர் இயக்கத்தில் சேர்ந்தேன். சேவை, ஒழுக்கம் என்றெல்லாம் சேரவில்லை. முகாம் என்றால் வெளியூர் போகலாம் என்று ஓர் அக்கா சொன்னாள், அதனால் சேர்ந்தேன். அந்தக் காரணத்தை இன்றும் நல்ல காரணம் என்றே நினைக்கிறேன். பிள்ளைகளை ஓர் இடத்துக்கு வரவழைக்க ஊர் சுற்றும் ஆசையைவிட நேர்மையான தூண்டில் கிடையாது.

பிரதம சோபான், த்விதிய சோபான், த்ரிதிய சோபான் என்று இயக்கத்தில் படிகள். அதற்கு மேல் ராஜ்ய புரஸ்கார், அதற்கென்று தனியாகச் சோதனை முகாம். எங்களை உட்கார்த்தி வைத்து எழுதச் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. கையால் செய்தது மட்டும் நிற்கிறது. மூங்கில் கழிகளைச் சணல் கயிற்றால் கட்டித் தட்டு அடுக்க ஒரு ஸ்டாண்ட் செய்ய வேண்டும். முகாமில் அதற்கு 'காட்ஜெட்' என்று பெயர். கழி இரண்டும் குறுக்கே சேரும் இடத்தில் க்ளோவ் ஹிட்ச் போட்டுத் தொடங்க வேண்டும். இரண்டு கழியையும் சேர்த்து மூன்று சுற்று. அப்புறம் கழிகளுக்கு நடுவே கயிற்றைக் கொண்டுபோய், சுற்றிய கயிற்றின் மேலேயே இரண்டு இறுக்கு. இந்த இறுக்குக்கு ஃப்ராப்பிங் என்பார்கள். எல்லாம் இதில்தான் இருக்கிறது. உள்ளங்கை சிவக்க இழுக்காவிட்டால் காலையில் ஸ்டாண்ட் சாய்ந்து தட்டெல்லாம் மண்ணில் கிடக்கும். முடிப்பதும் க்ளோவ் ஹிட்சில்.

வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் ஒன்று கட்டிக் காட்டினேன். அப்பா ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்டில் இருந்தார். பி ஷிப்ட் முடித்து வந்தவர், சாப்பிடாமல் மேலே வந்து, முடிச்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "எவ்ளோ லோடு தாங்கும்?" என்றார். என்னிடம் அவர் வேலைக்காரரிடம் கேட்பதுபோல் கேட்ட முதல் கேள்வி அது.

*

படித்துத் தெரிந்துகொண்டது. 1907 ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தில் பிரௌன்சீ தீவில் நடத்திய முதல் சாரணர் முகாமில் இருந்தவர்கள் சுமார் இருபது பையன்கள். பெரிய இடத்துப் பள்ளிகளில் படித்தவர்களும், பக்கத்து ஊர் உழைக்கும் வீட்டுப் பையன்களும் ஒரே கூடாரத்தில் கலந்து படுத்தார்கள். எனக்கு அந்த முகாமில் மிகவும் பிடித்த விஷயம் இந்தக் கலப்புதான். நம் நாட்டுக்கு இயக்கம் வந்தபோது இந்தியப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அன்னி பெசன்ட் முதல் உலகப் போர்க் காலத்தில் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே தனிச் சங்கம் தொடங்க வேண்டியிருந்தது. பல சங்கங்கள் சேர்ந்து பாரத சாரண சாரணியர் இயக்கமாக ஆனது 1950 நவம்பர் 7-இல்.

யாரை உள்ளே விடுவது என்ற கேள்வி அப்போதே இருந்திருக்கிறது. இன்று அதைக் கட்டணம் தீர்மானிக்கிறது. படப்பை, ஒரகடம் அடுக்ககங்களில் கோடை முகாம் விளம்பரம் தொங்குகிறது: ரோபாட்டிக்ஸ், அபாகஸ், மேடைப் பேச்சு. அதே அடுக்ககத்தில் ஹவுஸ்கீப்பிங் செய்கிற அக்காவின் மகள் அந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டே போகிறாள்.

*

மே முதல் பாதி. ஏலகிரி.

எங்கள் வட்டாரத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஓர் அறக்கட்டளை அழைத்துப் போனது. கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்ததால் என்னை உதவிக்குக் கூப்பிட்டார்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்.

பஸ் இருங்காட்டுக்கோட்டையை நெருங்கியதிலிருந்து ஜன்னலோரத்தில் ஒரே சத்தம். "எங்கப்பா கம்பெனி!" "எங்க மாமா இங்கதான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறாரு!" ஹூண்டாய், சுங்குவார்சத்திரம் போனதும் சாம்சங். பெரியவர்களுக்குத் தெரியாத சின்னச் சின்ன உதிரிபாகக் கம்பெனிகள்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எந்த கேட்டில் கம்பெனி பஸ் நிற்கும் என்பதுவரை. காஞ்சிபுரம் திருப்பம் கடந்ததும் எல்லோரும் ஒரேயடியாக அமைதியாகிவிட்டார்கள். அங்கிருந்து அவர்களுக்கு யாரும் இல்லை. அங்கிருந்துதான் பயணம்.

பாலாற்றுப் பாலம். கண்ணுக்கு எட்டியவரை மணல். "ஆத்துல தண்ணியே இல்ல, இவ்ளோ பெரிய பாலம் இன்னாத்துக்கு?" என்றான் ஏழாம் வகுப்புப் பையன். 2021 நவம்பரில் இதே பாலாறு இரு கரையும் தொட்டுப் போனதைச் சொன்னேன். நம்பவில்லை. ஃபோனில் பழைய படத்தைத் தேடிக் காட்டிய பிறகும் பாலத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஆம்பூர், வாணியம்பாடி. பிறகு மலையடி.

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: புலவர்கள் பாதி, கடையெழு வள்ளல்கள் பாதி. பாரதியார், கம்பர், கபிலர் என்று ஏறி, பாரி, காரி, ஓரி என்று போகும். இப்படிப் பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் பிள்ளைகளை அறிந்தவர். வளைவு வரும்போதெல்லாம் பலகையைப் பார்த்து மொத்த பஸ்ஸும் கத்தியது. பாரி வந்ததும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்று முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைச் சொன்னாள். பாதியில் வாந்தி. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துவிட்டு, அடுத்த வளைவில் மீதியைச் சொல்லி முடித்தாள்.

*

முதல் இரவு ஒரு பையன் தூங்கவில்லை. பயம் இல்லை, வீட்டு ஞாபகமும் இல்லை. "சத்தமே இல்லக்கா" என்றான். அவன் வீடு பெங்களூரு டிரங்க் ரோட்டை ஒட்டி. கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் போகும், பிரேக் பிடிக்கும்போது காற்று விடும் சத்தத்துக்குப் பிறந்ததிலிருந்தே பழகியவன். அமைதி அவனுக்குப் புதிது. வெளியே வராந்தாவில் பாய் போட்டு, பூச்சிச் சத்தம் கேட்கும் இடத்தில் படுக்க வைத்தோம். அப்புறம் தூங்கினான்.

நல்ல மலைக்காற்று என்று பெரியவர்கள் சொல்வதைவிட இது எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது.

*

ஏலகிரியில் சுவாமிமலை ஏற்றம். உச்சி 4,338 அடி. வழிகாட்ட வந்தவர் மலையாளி பழங்குடியைச் சேர்ந்த பெரியவர். கேரளத்துக்காரர் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். மலையை ஆள்பவர்கள் என்பதால் மலையாளி என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஒரு மரத்தடியில் நின்று காய்ந்த கடுக்காய் ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தார். கடித்துப் பார்க்கச் சொன்னார். ஆளாளுக்கு முகத்தைச் சுளித்தார்கள்; நாக்கு இழுத்துக்கொண்டது.

அந்தத் துவர்ப்புதான் தோலைப் பதப்படுத்துவது. குரோமியம் வருவதற்கு முன் கடுக்காயும் ஆவாரம்பட்டையும்தான் தோல் பதனிடும் சரக்கு. கீழே ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை முழுக்கத் தோல் தொழில் ஊர்கள். மலையில் காய், அடிவாரத்தில் தொழில். "அப்போ இதுவும் ஒரு சிப்காட்டுதான்" என்றாள் பாரி கதை சொன்னவள். பெரியவர் தலையை ஆட்டினார். ஒரு பாடப்புத்தகத்துக்கு இது எத்தனை பக்கம் ஆகியிருக்கும்! நாக்கில் ஒரு துண்டு கடுக்காய் வைத்து அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

மே மாதத்தில் ஜலகம்பாறை அருவியில் தண்ணீர் இருக்காது என்றார்கள். போகவில்லை. பலாப்பழம் நிறையச் சாப்பிட்டோம்.

*

சனிக்கிழமை காவலூர். ஜவ்வாது மலைப் பக்கம், ஆலங்காயம் வழியாக. வைணு பாப்பு வானாய்வகம். வானம் தெளிவாக இருந்தால் சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களுக்குக் காட்டுகிறார்கள்.

பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர் குறுக்களவு. இந்தியாவிலேயே வடிவமைத்து, ஆடியைத் தேய்த்து உருவாக்கியது. இதைக் கனவு கண்ட வைணு பாப்பு 1982-இல் இறந்துவிட்டார்; வேலை முடிந்ததைப் பார்க்கவில்லை. 1986 ஜனவரியில் தொலைநோக்கிக்கு அவர் பெயரைச் சூட்டித் திறந்து வைத்தவர் ராஜீவ் காந்தி.

அந்தப் பெயரைச் சொன்னதும் எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். அவர்களுக்கு ராஜீவ் என்றால் ஸ்ரீபெரும்புதூர் நினைவிடம், 1991 மே 21, வெடிகுண்டு. பள்ளியிலிருந்து நினைவிடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். இறந்த இடமாக மட்டுமே தெரிந்த ஒருவரை, ஒரு மலையில் நட்சத்திரம் பார்க்கும் கூண்டைத் திறந்து வைத்த மனிதராக முதன்முதலில் கேள்விப்பட்டார்கள். அவர்களைவிட எனக்கு அது ஏதோ செய்தது.

1988-இல் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். எண் 4130, பெயர் ராமானுஜன். கணித மேதையின் பெயர். ஆனால் ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? "எங்க ஊர் சாமி!" என்று ஒருவன் குதித்தான். விளக்கிச் சொன்னேன். கும்பகோணத்தில் படித்தவர், எண்களோடு வாழ்ந்தவர் என்று. சரி, இரண்டு பேரையும் வைத்துக்கொள்கிறேன் என்பதுபோல் பார்த்தான்.

சிறிய தொலைநோக்கியில் நிலாவைக் காட்டினார்கள். வரிசை நீளம். ஒவ்வொருவரும் கண்ணை வைத்ததும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. வராந்தாவில் தூங்கிய பையன் மட்டும் திரும்பி வந்து, "ஒரகடம் ரோடு மாரி பள்ளம் பள்ளமா கீதுக்கா" என்றான். பிறகு வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றான்.

*

பெண் பிள்ளைகள். ஏலகிரிக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்தான் கடைசியில் பஸ் ஏறினார்கள். "வயசுக்கு வந்த பொண்ணு, நாலு நாள் வெளிய எப்டி விடறது?" நான் வீடு வீடாகப் போனேன். மலைக்காற்று, தன்னம்பிக்கை, ஆளுமை என்று பேசினால் எந்த அம்மாவும் காது கொடுப்பதில்லை. அவர்கள் கேட்பவை நேரானவை. பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்குதா? ராத்திரி யார் கூடப் படுப்பாங்க? மாசாந்திர நாள் வந்துட்டா என்ன பண்ணுவீங்க? ஃபோன் கையில இருக்குமா? எல்லாம் நியாயமான கேள்விகள். இவற்றுக்குப் பதில் தயாராக இல்லாத முகாம் பெண் பிள்ளைகளை அழைக்கவே கூடாது.

ஓர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மின்னணுக் கம்பெனி ஹாஸ்டலில் தான் தங்கியிருந்த நாட்களைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன், பத்தொன்பது வயதில், வேலைக்காக முதல்முறை வீட்டை விட்டுத் தங்கியிருக்கிறார். "நான் சம்பாரிக்கத்தான் வெளிய போனேன். இவ சும்மா போய்ட்டு வரட்டும்." மகளுக்குப் போர்வையை மடித்துக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

*

மே பிற்பாதி. ஏலகிரிக்கு வராத பிள்ளைகளோடு செம்பரம்பாக்கம் ஏரிக்கரை.

காலை ஆறு மணிக்கே கூடிவிட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். தண்ணீர் உள்வாங்கியிருந்தது. கரையோரச் சேற்றில் நத்தைகுத்தி நாரைகள். நடுவில் நீர்க்காகம். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் நின்று சிறகடித்தது. தலை மட்டும் அசையவில்லை, அலகு கீழ்நோக்கி. திடீரென்று சிறகை மடக்கிச் செங்குத்தாக விழுந்தது. மேலே வந்தபோது அலகில் ஒன்றும் இல்லை. மறுபடி அதே உயரம், அதே நிலை. கெண்டை விற்கிற ஆயாகூடக் கூடையை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

இந்த ஏரிக்கு அருகிலேயே பிறந்தவர்களுக்கு ஏரி பற்றி எதுவும் சொல்லித் தந்ததில்லை. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. மழைக்காலத்தில் டிவியில் தினமும் வரும் அந்த எண்கள் தங்கள் வீட்டுப் பின்புறத்தைப் பற்றியவை என்று பலருக்குத் தெரியாது. 5 கண் மதகு, 19 கண் மதகு என்ற பெயர்கள் தெரியும்; அங்கிருந்து தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாது. அடையாறு என்றதும், "அது மெட்ராஸ்ல இல்ல கீது?" என்றார்கள். 2015 டிசம்பர் 1 இரவு இங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்ததையும், சைதாப்பேட்டையில் வீடுகள் மூழ்கியதையும் சொன்னபோது கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள்.

பக்கத்திலேயே இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளுக்கு 53 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியாக இருந்தால் எத்தனை லாரி? கரை மண்ணில் குச்சியால் வகுத்தார்கள். நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம். அந்த லாரிகளை வரிசையாக நிறுத்தினால் எந்த ஊர் வரை போகும் என்று அடுத்த கணக்கை அவர்களே ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம் கம்பெனித் தண்ணீர். கோயம்பேட்டில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2019-இல் வந்தது, நாளுக்கு 4.5 கோடி லிட்டர். அங்கிருந்து குழாயில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட்டுகளுக்கு வருகிறது. சென்னைக்காரர்கள் நம் ஏரித் தண்ணீரைக் குடிக்கிறார்கள், அவர்கள் பயன்படுத்திய தண்ணீர் சுத்தமாகி நம் அப்பாக்களின் கம்பெனிக்கு வருகிறது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதை மண்ணில் ஒரு வட்டமாக வரைந்து, அம்புக்குறி போட்டு, எனக்கே திருப்பி விளக்கினாள். ஒடியா வீட்டுப் பெண். சித்திரையில் ஊருக்குப் போக இந்த வருடம் அவள் வீட்டில் காசு சேரவில்லை.

*

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் சாரணர் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தது. நடந்த இடம் சிப்காட் வளாகம். தொழிற்பேட்டை நிலத்தில் வரிசை வரிசையாகக் கூடாரங்கள். அந்தப் படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஓர் எண்ணம் விடவில்லை: அங்கே முடிந்தது ஒரகடத்தில் ஏன் முடியாது?

பணத்துக்கும் வழி இருக்கிறது: நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135. ஓர் அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எங்கள் சாலையில் அந்தப் பணத்தில் கட்டிய வகுப்பறைகள், கழிப்பறைகள், குடிநீர்த் தொட்டிகள் உண்டு. நன்றியோடுதான் சொல்கிறேன், எல்லாம் தேவை. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைக்குக் கோடையில் ஒரு வாரப் பயணம் என்பதும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். பஸ் கம்பெனிகளிடமே இருக்கிறது. ஷட்டவுன் நாட்களில் அந்த பஸ்கள் ஷெட்டில் நிற்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் 1993-இலிருந்து இருக்கிறது. இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே அதன் வேலை. பிள்ளைகளைக் கூட்டிப்போகும் அண்ணன்களையும் அக்காக்களையும் அங்கேயே பழக்கலாம்.

ஏலகிரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டை விட்டு ஓர் இரவாவது தங்க வேண்டும். கையால் செய்ய ஏதாவது வேலை இருக்க வேண்டும். கடுக்காயைக் காட்டிய பெரியவர் மாதிரி அந்த மண்ணை அறிந்த ஒருவர் கூட நடக்க வேண்டும்.

*

ஜூன். பள்ளி திறந்தாயிற்று. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச நேரம் கேட்டிருக்கிறேன். அடுத்த கோடைக்கான பெயர்ப் பட்டியலை இப்போதே தொடங்கலாம் என்று தலைமை ஆசிரியை சொன்னார். பட்டியலோடு ஒரு கடிதம் தயார் செய்கிறேன். சாலையோரக் கம்பெனிகளின் எச்.ஆர். மேலாளர்களுக்குப் பிரதி பிரதியாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடிதத்தில் முதல் பத்தி பஸ் பற்றி. இரண்டாவது பத்தி, இரவில் பெண் பிள்ளைகளோடு தங்கப்போகும் ஆசிரியைகளுக்கு ஈடுகட்டும் விடுப்பும் படியும் பற்றி. மலையைப் பற்றிய பத்தியைப் பாரி கதை சொன்ன பெண்ணை எழுதச் சொல்லியிருக்கிறேன்.